பெய்ஜிங் கோடை அரண்மனைக்கு அரை நாள் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தம்பி பெய்ஜிங்கில் வேலை பார்க்கிறான். மே மாத லீவில் நான், கணவர், மாமியார், ஏழாம் வகுப்பு முடித்த மகள், நாலு பேரும் அங்கே போகிறோம். பெருஞ்சுவர், நகர் நடுவில் இருக்கும் பெரிய அரண்மனை எல்லாவற்றுக்கும் தம்பி பிளான் போட்டுவிட்டான். கோடை அரண்மனைக்கு மட்டும் ஒரு முழு நாள் வேண்டும் என்கிறான். “ஒரு தோட்டத்தைப் பார்க்க எதற்கு ஒரு நாள், மதியத்துக்குள் முடித்துவிட்டுக் கடைக்குப் போகலாம்” என்கிறார் என் கணவர். மாமியாருக்கு 72 வயது, முழங்கால் வலி வேறு. என்ன செய்யலாம்?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: உங்கள் தம்பி சொல்வதுதான் சரி, ஒரு முழு நாள் வையுங்கள். ஆனால் அந்த ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று மட்டும் கிளம்பாதீர்கள். அங்கே போய் வந்த பிறகு கேட்கிறவர்களிடம் எல்லாம் நான் சொல்வது இதுதான்: பாதித் தோட்டம், முழு நாள்.

அளவைச் சொன்னால் உங்கள் கணவருக்கே புரிந்துவிடும். நம் கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர். கோடை அரண்மனை சுமார் 290 ஹெக்டேர், அதில் முக்கால்வாசி தண்ணீர். குன்மிங் ஏரி என்று பெயர், ஆட்களை வைத்து வெட்டி அகலப்படுத்திய ஏரி. 1750-இல் சியான்லுங் பேரரசர் தன் அம்மாவுக்கு 60 வயது நிறைவதை முன்னிட்டு இந்தத் தோட்டத்தை ஆரம்பித்தார் (அவர்களுக்கும் வருஷக் கணக்கு நம்மைப் போலவே 60 ஆண்டு ஒரு சுற்று, அதனால் 60 நிறைவது அங்கேயும் பெரிய விசேஷம்). ஏரியில் தோண்டிய மண்ணைப் பக்கத்துக் குன்றின் மேல் கொட்டி அதற்கு ஒரு உருவம் கொடுத்தார்கள். வண்டியூர் தெப்பக்குளத்தில் எடுத்த மண்ணில்தான் திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுத்தார்கள் என்று மதுரைப் பக்கம் சொல்வார்களே, அந்த மாதிரி. குன்றின் உயரம் 60 மீட்டர்தான், உங்கள் ஊர்ப் பரங்கிமலையைவிடத் தாழ்வு, ஆனால் உச்சிக்குப் போகும் கற்படிகள் செங்குத்து.

முதல் விஷயம், எந்த வாசல் வழியாக உள்ளே போகிறீர்கள் என்பது. இதில்தான் நாங்கள் கஷ்டப்பட்டோம். 2019 மே மாதம் நான், மனைவி, மகன், என் அப்பா நாலு பேரும் போனோம். வாடகைக் கார்க்காரர் எங்களை வடக்கு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்கம் நுழைந்தால் எடுத்த எடுப்பிலேயே குன்று. அப்பாவுக்கு அப்போது 70 வயது. பாதி ஏறி, முடியாமல் இறங்கி, குன்றைச் சுற்றிக்கொண்டு ஏரிக் கரைக்கு வந்து சேர்வதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது, அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு மனசு கேட்கவில்லை. நீங்கள் கிழக்கு வாசல் வழியாகப் போங்கள். மெட்ரோவில் நான்காம் தடத்தில் சியுவான் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூரம் நடை. பெய்கோங்மென் நிலையத்தில் இறங்கினால் நாங்கள் மாட்டிக்கொண்ட அதே வடக்கு வாசல்தான், தம்பியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட்டை எல்லோரும் கையில் வைத்திருங்கள், டிக்கெட்டுக்குக் கேட்பார்கள்.

கிழக்கு வாசலில் நுழைந்தால் எல்லாம் சமதளம். ஆனால் ஒவ்வொரு கூடத்துக்கும் நிலைப்படி உண்டு, சில இடங்களில் முழங்கால் உயரத்துக்கு வரும். மாமியாருக்கு ஒரு கை கொடுங்கள். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டித்தான் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம், உங்கள் மாமியாருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

முதலில் வருவது அரசவைக் கூடம். அதன் முன்னால் டிராகனும் பீனிக்ஸ் பறவையும் வெண்கலத்தில் நிற்கும். டிராகன் பேரரசருக்கு, பறவை அரசிக்கு. வழக்கப்படி டிராகன்தான் நடுவில் இருக்க வேண்டும். இங்கே பறவை நடுவிலும் டிராகன் ஓரத்திலும் இருக்கிறது, ஏனென்றால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்சியைக் கையில் வைத்திருந்தவர் ராஜமாதா சிக்ஸி. உங்கள் மகளிடம் காரணத்தை முதலில் சொல்லாமல், என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அதைத் தாண்டி ஏரிக் கரையில் ஒரு வீடு இருக்கிறது. எல்லோரும் அங்கே நின்று ஏரியைப் போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் ஏரிக்கு முதுகைக் காட்டிவிட்டு முற்றத்துக்குள் வாருங்கள், இரண்டு பக்கத்து அறைகளின் கதவுக்குள்ளே எட்டிப் பாருங்கள். உள்ளே செங்கல் சுவர் இருக்கும். சீர்திருத்தம் செய்யப் போய் 1898-இல் அதிகாரத்தை இழந்த குவாங்சு பேரரசரை, சிக்ஸி இங்கே வந்து தங்கும்போதெல்லாம் இந்த வீட்டில்தான் காவலில் வைத்தார்கள், அவர் யாரிடமும் பேசிவிடக் கூடாது என்று எழுப்பிய சுவர் அது. என் மகன் அந்தச் செங்கல்லில் கையை வைத்து, “கதவைத் திறந்தா சுவரா?” என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றான். அன்றைக்குப் பார்த்த கட்டடங்களில் அவனுக்கு இன்றுவரை நினைவில் நிற்பது அது ஒன்றுதான்.

அப்புறம் நீண்ட நடைக்கூடம். 728 மீட்டர் நீளம், ஏரிக் கரையோரமாக மேலே ஓடு வேய்ந்து, இரண்டு பக்கமும் திறந்திருக்கும். ராமேஸ்வரம் பிரகாரத்தில் நடந்தவர்களுக்கு அந்த நீளத்தின் சுகம் தெரியும், ஆனால் அங்கே கல், இங்கே மரம். உத்தரங்களில் 14,000-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்த்தால் கழுத்து போய்விடும். மகளோடு ஒன்றே ஒன்றைத் தேடுங்கள்: ஒரு துறவியும் ஒரு குரங்கு வீரனும் மேற்கு நோக்கிப் பயணம் போகும் கதை. குரங்கு வீரனைப் பார்த்ததும் நங்கநல்லூர்க் குழந்தைக்கு ஆஞ்சநேயர் ஞாபகம் வராமல் இருக்காது. அந்தத் துறவி வேறு யாரும் இல்லை, பள்ளிக்கூடத்தில் நாம் படித்த யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில் நம் காஞ்சிபுரம் வரைக்கும் வந்தவர். இதை அந்த ஓவியத்துக்குக் கீழே நின்று சொல்லுங்கள்.

நடைக்கூடம் முழுக்க இரண்டு ஓரமும் உட்காரத் திண்ணை மாதிரிப் பலகை உண்டு. உங்கள் மாமியார் இருக்க வேண்டிய இடம் இதுதான். குன்றின் மேலே இருக்கும் கோபுரத்தை (41 மீட்டர் உயரம், தனி டிக்கெட்) நீங்களும் கணவரும் மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்து வரலாம், ஒருவர் அவரோடு இருந்தால் போதும். நான், மனைவி, மகன் மூன்று பேரும் மேலே போய்விட்டு, அப்பாவைத் தனியாக விட்டுவிட்டோமே என்று பதறிக்கொண்டு இறங்கி வந்தால், அவர் பக்கத்தில் இருந்த கல் தளத்தில் ஒரு சீனப் பெரியவரோடு நின்றுகொண்டிருந்தார். பெரியவர் கையில் துடைப்பக் கம்பு நீளத்துக்கு ஒரு கோல், நுனியில் கூராகச் செதுக்கிய பஞ்சு, காலடியில் சின்ன வாளியில் தண்ணீர். அந்தத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தரையில் எழுத்து எழுதுகிறார். நாலாவது வரிக்கு வருவதற்குள் முதல் வரி வெயிலில் காய்ந்து போய்விடுகிறது. யாரும் காசு கேட்பதில்லை, அவர்களுக்கு அது காலை நேரப் பழக்கம், அவ்வளவுதான். அப்பா பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு அவர் கோலை நீட்டியிருக்கிறார். அப்பா வாங்கி, முதலில் ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, கீழே ‘கற்பகாம்பாள் துணை’ என்று எழுதினார். பஞ்சில் எழுதிப் பழக்கம் இல்லை, ‘ற’ பெரிதாகப் போய்விட்டது. பெரியவர் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். பிறகு கோலை வாங்கி, மேலே இருந்த அந்த ‘உ’வை மட்டும் தானும் ஒரு தடவை போட்டுப் பார்த்தார், அப்பாவைவிட அழகாகவே வந்தது. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. மேலே ஏறாததால் அப்பா எதையும் இழந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

உட்கார்ந்திருக்கும்போது மேற்கே ஒரு மலையும் அதன் உச்சியில் ஒரு கோபுரமும் தெரியும். அது தோட்டத்துக்குள் இல்லை, மதிலுக்கு வெளியே இருக்கும் வேறு ஒரு மலை. ஆனால் கரையும் மரங்களும் மதில் கண்ணில் படாதபடி அமைந்திருப்பதால், மலையும் நம் தோட்டத்தைச் சேர்ந்ததுதான் என்று நம்பிவிடுவோம். காட்சியைக் கடன் வாங்குவது என்று இதற்கு அவர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். வேகமாக நடந்தால் இது கண்ணில் படாது. “ஒரு தோட்டத்துக்கு எதற்கு ஒரு நாள்” என்று கேட்கிறவரை இந்த இடத்தில் கால் மணி நேரம் உட்கார வையுங்கள்.

நடைக்கூடம் முடியும் இடத்தில், கல் படகுக்குப் பக்கத்தில், நிஜப் படகு கிடைக்கும். அதில் ஏறி ஏரியைக் கடந்து தெற்கே இருக்கும் தீவுக்குப் போய்விடுங்கள், நடக்கிற தூரம் மிச்சம். தீவையும் கரையையும் சேர்ப்பது 17 கண் பாலம், 150 மீட்டர் நீளம். கைப்பிடித் தூண்களில் 544 கல் சிங்கங்கள், ஒன்று போல இன்னொன்று இருக்காது. மகளை எண்ணவிட்டு நீங்கள் பின்னால் மெதுவாக வாருங்கள். பாலத்தின் மறுமுனையில் 1755-இல் வார்த்த வெண்கல மாடு ஒன்று ஏரியைப் பார்த்தபடி படுத்திருக்கிறது, வெள்ளம் வராமல் காக்கும் என்ற நம்பிக்கை. கோயில் நந்தியைப் பார்த்தது போலவே என் அப்பா அதைச் சுற்றி வந்தார். அங்கிருந்து வெளியே போகும் வாசல் பக்கம்தான்.

பின்பக்கத்தில் சூசோ தெரு என்று கால்வாய்க் கரைக் கடைத்தெரு ஒன்று இருக்கிறது, பேரரசர் குடும்பம் கடைக்குப் போன மாதிரி இருக்கட்டும் என்று கட்டியது. குறுகலான நடைபாதை, படிகள், கூட்டம். மாமியாரோடு போகிறவர்கள் விட்டுவிடலாம்.

மே மாதம் என்கிறீர்கள், நல்ல மாதம், நம் ஊர் வெயிலோடு ஒப்பிட்டால் சொர்க்கம். ஆனால் மே 1-ஐ ஒட்டி அங்கே தொடர் விடுமுறை, அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். காலாண்டு லீவில் போகலாம் என்று நினைக்கும் மற்ற வாசகர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: அக்டோபர் 1 அவர்களுக்கு தேசிய தினம், அந்த வாரம் நாடே ஊர் சுற்றக் கிளம்பிவிடும்.

கேள்வி: 1860-இல் இந்த அரண்மனைத் தோட்டங்களை எரித்த படையெடுப்பில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள், அதில் நம் மெட்ராஸ்காரர்களும் உண்டு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்

பதில்: படையெடுப்பில் இருந்தார்கள் என்பது உண்மை ஐயா. அது இரண்டாம் அபினிப் போர். அந்த அபினியே பெரும்பாலும் பீகார், காசிப் பக்கத்து வயல்களிலும் மாளவத்திலும் விளைந்து கப்பலேறியதுதான். 1860-இல் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய படையில் சீக்கிய, பஞ்சாபிப் படைப்பிரிவுகளோடு மெட்ராஸ் சாப்பர்ஸ் படையும் போனது. பாலம் போடுவது, பாதை அமைப்பது, கோட்டைச் சுவரை உடைப்பது அவர்கள் வேலை. இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு, ‘தம்பி’கள் என்ற செல்லப் பெயரோடு இந்திய ராணுவத்தில் இருக்கும் அதே படைதான். அதன் பழைய போர் விருதுகளின் பட்டியலில் தாகு கோட்டையும் பெக்கிங்கும் இருக்கின்றன.

அக்டோபர் மாதம் முதலில் நடந்தது கொள்ளை, பிரிட்டிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்தே செய்தார்கள். சமாதானம் பேசப் போனவர்களையும் அவர்களுக்குக் காவலாகப் போனவர்களையும் சீனத் தரப்பு பிடித்து வைத்ததில் பலர் சிறையிலேயே இறந்தார்கள், அவர்களில் இந்தியக் குதிரைவீரர்களும் உண்டு. அதற்குப் பழிவாங்க எல்ஜின் பிரபு உத்தரவிட, அக்டோபர் 18 அன்று தீ வைத்தார்கள். பெரிய இலக்கு பக்கத்தில் இருந்த யுவான்மிங்யுவான் என்ற பழைய தோட்டம். இன்றைக்குக் கோடை அரண்மனை என்று நாம் பார்க்கும் தோட்டமும் அந்தத் தீயில் தப்பவில்லை. அதே எல்ஜின் 1862-இல் நமக்கு வைஸ்ராயாக வந்து, மறு வருஷம் தர்மசாலாவில் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டார். ஏதென்ஸ் கோயில் சிற்பங்களைப் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோனவர் இவருடைய அப்பா.

உலோகம் எரியாது என்பதால் தப்பிய ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். குன்றின் மேல், கோபுரத்துக்குப் பக்கத்தில், முழுக்க வெண்கலத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது, எடை 207 டன். தூண், உத்தரம், ஓடு, ஜன்னல் எல்லாம் மர வேலைப்பாடு போலவே வார்த்திருக்கிறார்கள், தட்டிப் பார்க்கும் வரை மரம் என்றுதான் தோன்றும். பிற்பாடு அதன் ஜன்னல்களைக் கழற்றி வெளிநாட்டுக்கு விற்றுவிட்டார்கள். ஓர் அமெரிக்க நிறுவனம் அவற்றை வாங்கி 1993-இல் திருப்பிக் கொடுத்தது. பத்தூர் நடராசர் 1991-இல் லண்டனில் இருந்து திரும்பி வந்ததை நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த ஜன்னல்களுக்கு முன்னால் நின்றபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது, தொண்டை அடைத்துக்கொண்டது.

சிக்ஸி 1886-இல் தொடங்கித் தோட்டத்தைத் திரும்பக் கட்டி, 1888-இல் யிஹயுவான் என்று புதுப் பெயர் வைத்தார். 1900-இல் எட்டு நாட்டுப் படைகள் வந்து மறுபடி நாசம் செய்தன, 1902-இல் மறுபடி செப்பனிட்டார்கள். ஆகவே அங்கே நாம் பார்க்கும் மரக் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்தவை. யுவான்மிங்யுவானை அப்படி எழுப்பவில்லை, உடைந்த பளிங்குத் தூண்கள் புல்லில் கிடக்கின்றன. கோடை அரண்மனைக்குக் கிழக்கே பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் போனால் இரண்டையும் பாருங்கள் ஐயா, ஒன்றைப் பார்க்காமல் இன்னொன்று புரியாது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். அந்தத் தோட்டத்தில் நாள் முழுக்க என்ன சாப்பிடுவது?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: கையில் கட்டிக்கொண்டு போவதுதான் நல்லது. புளியோதரையும் வறுவலும் நாங்கள் கொண்டுபோனோம், ஏரிக் கரைப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சீனாவில் எங்கே போனாலும் குடிக்க வெந்நீர் கிடைக்கும், ஒரு பிளாஸ்க் எடுத்துப் போனால் பெரியவர்களுக்கு நிம்மதி. பெய்ஜிங் கடைகளில் சின்னப் பீங்கான் ஜாடியில், மேலே காகிதம் கட்டி, தயிர் விற்பார்கள். நம் தயிர் இல்லை, இனிப்பாக இருக்கும், உறிஞ்சுகுழல் போட்டுக் குடிப்பது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். “இறைச்சி, மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த தண்ணீர் எதுவும் வேண்டாம்” என்று சீன மொழியில் யாரிடமாவது எழுதி வாங்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி வார்த்தை முக்கியம், காய்கறி நூடுல்ஸ் என்று கொடுப்பதும் இறைச்சிச் சாற்றில்தான் வெந்திருக்கும்.

கேள்வி: ராஜமாதா கடற்படைக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்துக் கல்லில் படகு கட்டினாராமே?
– கல்லூரி மாணவர், அடையாறு

பதில்: பாதி சரி. படகின் அடிப்பாகம் கல்தான், ஆனால் அது சிக்ஸி கட்டியது இல்லை, சியான்லுங் காலத்தில் 1755-இல் வந்தது. தண்ணீர் படகைத் தாங்கும், தண்ணீரே படகைக் கவிழ்க்கவும் செய்யும், குடிமக்கள்தான் தண்ணீர் என்று அவர்களிடம் ஒரு பழைய சொல் உண்டு. கவிழாத படகாக இருக்கட்டும் என்று அவர் கல்லில் செய்தார் என்பார்கள். அதன் மேல்மாடம் 1860-இல் எரிந்தது. 1893-இல் சிக்ஸி மேலைநாட்டு நீராவிப் படகு மாதிரியில் புது மாடம் வைத்தார், இரண்டு பக்கமும் சக்கரம்கூட உண்டு. அந்த மாடம் மரம்தான், பளிங்கு போலத் தெரியச் சாயம் பூசியிருக்கிறார்கள். நீளம் 36 மீட்டர்.

பணத்தைப் பொறுத்தவரை, தோட்டத்தைப் புதுப்பிக்கக் கடற்படைத் துறையின் நிதி போனது உண்மை, எவ்வளவு என்பதில் வரலாற்று ஆசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அடுத்த வருஷமே, 1894-இல், ஜப்பானோடு போர் மூண்டு சீனக் கடற்படை தோற்றது. அதனால்தான் தோல்விக் கதை முழுவதும் இந்த ஒரு படகின் தலையில் ஏறிவிட்டது. நீங்கள் வரலாறு படிப்பவர் என்றால் படகோடு நிறுத்தாமல் அந்தப் போரைப் பற்றியும் தேடிப் படியுங்கள், தளபதிகள், குண்டுத் தட்டுப்பாடு, கடற்படைகளுக்குள் ஒற்றுமையின்மை என்று இன்னும் எத்தனையோ இருக்கிறது.

கேள்வி: ஆபீஸ் வேலையாக டிசம்பர் கடைசியில் பெய்ஜிங் போகிறேன். குளிரில் அந்தத் தோட்டம் பார்க்கிற மாதிரி இருக்குமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: இருக்கும், தாராளமாகப் போங்கள். ஏரி உறையத் தொடங்கியிருக்கும், படகு ஓடாது, மரங்களில் இலை இருக்காது. ஆனால் உங்களுக்கு வேறு ஒன்று கிடைக்கும். டிசம்பர் 22-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் ரொம்பத் தெற்கே தாழ்ந்து போவதால், மாலை 4 மணி வாக்கில் வெயில் அந்த 17 கண் பாலத்தின் வளைவுகளுக்கு உள்ளே சாய்ந்து விழுந்து, ஒவ்வொரு கண்ணின் உள்பக்கமும் விளக்கேற்றிய மாடம் மாதிரிப் பொன்னிறமாகிவிடும். சில நிமிஷங்கள்தான். அதற்காகவே பெரிய கேமராவோடு மத்தியானமே வந்து கரையில் இடம் பிடித்துக் காத்திருக்கிறார்கள், அதனால் நீங்கள் 3 மணிக்கே போய் நில்லுங்கள். நம் ஊர் ஸ்வெட்டர் அங்கே காணாது. கம்பளிக் குல்லாய், கையுறை, இரண்டு ஜோடி காலுறை கட்டாயம். போன் பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கிவிடும், படம் எடுக்கும் நேரம் வரை அதைச் சட்டையின் உள்பையில் வைத்திருங்கள்.